யார் முதலில் மண்ணை அள்ளுவது

கேள்வி கேட்க வருகிறவர்களை முக்பில் என்றைக்கும் நம்பியதில்லை. கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், எழுதிக்கொள்வார்கள், ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள். சண்டை மட்டும் போகாமல் ஊரிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் "ஏமன்ல அமைதிக்கு என்ன வழின்னு நிபுணர்கள்கிட்ட கருத்துக் கேக்கறோம், நீங்க துர்பா டவுனுக்கு வரணும்" என்று ஃபோன் வந்தபோது சிரித்துவிட்டார்.

"நிபுணனா? கட்டைவிரலை மையில உருட்டுற கைநாட்டு ஆள் நான். வேற யாரையாவது பாரு தாயி."

"கஹ்லா ஊர் ஷேக் ஹிஸாமும் வர்றாரு, பெரியப்பா" என்றாள் அந்தப் பெண். இப்திசாம் என்று பெயர். ஏடனில் ஏதோ ஆய்வு அலுவலகமாம்.

முக்பில் சிரிப்பை நிறுத்தினார்.

அவர் ஷேக்காக, ஊர்த்தலைவராக இருக்கிற ஊர் ஷிராஃப். எதிர்ச் சரிவில் கஹ்லா. நடுவில் ஒரு தார்ச்சாலை, ஒரு சிகரெட் கரைவதற்குள் பைக்கில் போய்விடலாம். சண்டை வந்து ஊர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்ததும், சாலையின் இந்த முனையில் இவர்கள் ஒரு மண்மேடு போட்டார்கள், அந்த முனையில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இடையில் இரண்டு பேரும் கண்ணிவெடி புதைத்தார்கள். கஹ்லாவில் வாக்கப்பட்டிருந்த முக்பிலின் ஒரே மகள் நூரிய்யா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். சுற்றுவழி உண்டு. ஒரு பகல் முழுக்க மலை ஏறி இறங்க வேண்டும். வழியில் இருக்கிற சாவடிகளில் முக்பில் என்ற பெயரைச் சொன்னால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். சாலை மூடின பிறகு மகளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் அவர் ஃபோனில்தான் பார்த்திருக்கிறார்.

சாலையைத் திறக்க இரண்டு ஷேக்குகளுக்கும் மனசு இருந்தது. ஆனால் யார் மேடு முதலில் கரைவது? முதலில் மண்ணை அள்ளுகிறவன் தோற்றவன். ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்தாயிற்று. "அவன் எடுக்கட்டும், அடுத்த நிமிஷம் நான் எடுக்கறேன்." இரண்டு பக்கமிருந்தும் இதே பதில். சரி, ஹிஸாமை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் முக்பில் துர்பாவுக்கு லாரி ஏறினார்.

அங்கே கூட்டம் நடக்கிற ஹோட்டலில் ஆயுதத்தோடு உள்ளே விடுவதில்லை. அதை வாங்கி வைக்கிற காவலாளி மெல்லுகிற காத் இலை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். இப்திசாமே வாசலில் நின்று, "மன்னிச்சுக்குங்க பெரியப்பா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். முக்பில் முனகிக்கொண்டே இடுப்பிலிருந்து ஜம்பியாக் குத்துவாளைப் பட்டையோடு கழற்றிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஹிஸாமும் தன் குத்துவாளைக் கழற்றி அதே கையில் வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு பேராசிரியர் பேசினார், ஒரு பெண் டாக்டர் பேசினார். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் முக்பிலுக்கு எரிச்சல். "முதல்ல ரோட்டைத் திறங்க. சுத்துவழியில பிரசவ வலியோட வர்றவள என்னால காப்பாத்த முடியல" என்றாள் டாக்டர். முக்பிலின் தலை தன்னையறியாமல் ஆடிவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இப்திசாம் அவர் பக்கம் திரும்பினாள். "உங்க கருத்து, பெரியப்பா?"

"இந்த ஹிஸாம் அவன் மேட்ட எடுத்தா நாளைக்கே அமைதி. எழுதிக்க."

"எழுதாதம்மா!" என்று ஹிஸாம் எழுந்தார். "முதல் கூடை மண்ணக் கொட்டுனது யாருன்னு கேளு. கிழவனுக்கு முடிதான் உதிரும்னு நினைச்சேன், ஞாபகமும் உதிர்ந்துடுச்சு."

"டேய், யாரைக் கிழவன்கற? உன் தாடிக்கு மருதாணி பூசியே ஊர்ல மருதாணி தீந்துபோச்சாமே!"

இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கைகள் வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"என்ன, ரெண்டு பேருக்கும் வயித்து வலியா?" என்றார் ஓரமாக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி காலிப். "ஜம்பியா எங்கேய்யா?"

"இந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன்."

"நீ, ஹிஸாம்?"

"அவகிட்டதான்."

நீதிபதி வாயிலிருந்த இலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "பகையா நிக்கிற ரெண்டு பேர் ஒரே ஆள் கையில ஜம்பியாவக் குடுத்தா, நம்ம வழக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்? அந்த ஆள் சொல்ற தீர்ப்புக்குக் கட்டுப்படறோம்னு அர்த்தம். அப்ப இவதான் உங்க நடுவர்."

"ஐயோ! நான் கருத்துக் கேக்க வந்தவ!" என்றாள் இப்திசாம்.

முக்பில் வாயைத் திறந்தார். அது தீர்ப்புக்காகக் கொடுத்ததில்லை, ஹோட்டல் சட்டம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு ஹோட்டல்காரன் ஷிராஃப் ஷேக்கின் இடுப்பை அவிழ்த்து அனுப்பினான் என்று நாளைக்கு மலை முழுக்கப் பேசுவார்கள். அதைவிட இந்தப் பெண்ணின் தீர்ப்பே மேல். ஹிஸாமைப் பார்த்தார். அவன் கண்ணிலும் அதே கணக்குதான் ஓடியது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சொல்லு மவளே" என்றார் முக்பில். "ஆனா முதல்ல நான்னு சொல்லிடாத."

"நான்னும் சொல்லிடாத" என்றார் ஹிஸாம்.

இப்திசாம் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "ஒரு ஊர்ல சொல்ற பாங்கு இன்னொரு ஊர்ல கேக்குமா?"

"தினம் கேக்குதே" என்றார் முக்பில். "அவங்க ஊர்ல பாங்கு சொல்ற ஆளுக்கு ஒட்டகத் தொண்டை."

"இவங்க ஊர் ஆளு தூக்கத்துல சொல்வான். எப்பவும் பின்னாடிதான் முடிப்பான்" என்றார் ஹிஸாம்.

அந்த ஒட்டகத் தொண்டை கேட்கும்போதெல்லாம், அதே சத்தத்தைக் கேட்டு மகளும் முக்காட்டைச் சரிசெய்வாள் என்று நினைத்துக்கொள்வது முக்பிலின் வழக்கம். அதை இந்தக் கூட்டத்தில் சொல்லவா முடியும்?

"அப்ப சரி" என்றாள் இப்திசாம். "வியாழக்கிழமை சாயங்கால அஸர் பாங்கு. எந்த ஊர் பின்னாடி முடிக்குதோ, அது முடிஞ்ச அந்த நொடி, ரெண்டு மேட்டுலயும் மண்வெட்டி விழணும். யாரும் முதல் இல்ல. அப்புறம் தொழுகை, அப்புறம் மிச்ச மண்ணு. கண்ணிவெடிய அவனவன் புதைச்சத அவனவன் எடுக்கணும். எல்லாம் முடிச்சுட்டு வந்து ஜம்பியாவ வாங்கிக்குங்க."

"நல்ல தீர்ப்பு" என்றார் நீதிபதி. பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை முக்பில் ஆட்களோடு மேட்டின்மேல் ஏறி நின்றார். எதிர் மேட்டில் ஹிஸாம் கடுகாகத் தெரிந்தார். ஒட்டகத் தொண்டை முதலில் முடித்தது. ஷிராஃப் பள்ளிவாசல்காரன் இழுத்துக்கொண்டே போனான். "முடிடா பாவி" என்று முக்பில் பல்லைக் கடித்தார். குரல் நின்றது. முக்பிலின் மண்வெட்டி விழுந்தது. எதிரே புழுதி எழும்பியது. அவன் முதலா, நான் முதலா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

வெடி எடுக்கிற நாட்களெல்லாம் அவர் சாலையோரத்தை விட்டு நகரவில்லை. ஹிஸாம் ஆட்கள் ஒன்றிரண்டை விட்டுவைப்பார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. ஹிஸாமுக்கும் அதே சந்தேகம் போல. அவரும் அங்கேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வெடியும் வெளியே வந்த பிறகு, வழியில் ஆபத்தில்லை என்று காட்ட ஹிஸாம் தன் சொந்தக் கழுதையையே முதலில் ஓட்டினார்.

கழுதைக்குப் பின்னால் நூரிய்யா வந்தாள். தலையில் மூடிய தட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

"என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்ட? அம்மா சோறு போடறாளா இல்லையா?" என்றாள். அழுகையை அதட்டலாக மாற்றுவது அவள் தாய்வழிப் பழக்கம்.

"எல்லாம் போடறா. அது என்னடி தட்டுல?"

நெய்யில் சுட்டு தேன் ஊற்றிய அடுக்கு ரொட்டி. சின்னவன் தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஆளை ஏறிட்டுப் பார்த்தான். முக்பில் சாலையிலேயே குந்தி உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்தார். விரல் சுட்டது. ஊதி ஊதி அவன் வாயில் முதலில் வைத்தார்.