வாயாடியின் வாக்குமூலம்

மகள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது நான் கடைசி பெஞ்சில், ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். "அப்பா, நீங்க கோர்ட்டுக்கு வந்தீங்கன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது" என்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். யார் கண்ணிலும் படாமல் ஒரு கட்டடத்துக்குள் போய்வர எனக்குத் தெரியாதா?

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பல் முளைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தவள். தடயவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் இவள் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள் என்று அவள் அம்மா கிண்டல் செய்தாள். ஆறு வருடமாகக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். துளி ரத்தம், உலர்ந்த எச்சில், ஒற்றை முடி, இவற்றை வைத்து ஆளையே சொல்லிவிடுகிறாள். "பொண்ணு என்ன பண்றா?" என்று தெருவில் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஒரு கடைக்காரரை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதுதான் வழக்கு. கம்பியின் பிடியில் சுற்றியிருந்த துணியில் பிடிபட்டவனின் டி.என்.ஏ. இருந்தது. கூடவே யாரோ ஒரு பெண்ணுடையதும் துளியூண்டு இருந்தது. யார் அந்தப் பெண் என்று போலீஸ் பிடிபட்டவனின் அக்காவைக் கொண்டுபோய் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தது. சோதித்தால் அவளுடையது இல்லை. என் மகளுக்கு மனசு கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களின் டி.என்.ஏ. பட்டியல் ஒன்று உண்டாம். அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் இவளேதான்!

"அடையாளம் தெரியாதவர்னு விட்டுடும்மா, யாரு கேக்கப் போறா" என்றாராம் மேலதிகாரி. இவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தன் பெயரையே அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்று இவள் பேச்சு எடுபடாவிட்டால் வேலையும் போகும், கொன்றவனும் கையை வீசிக்கொண்டு வெளியே போவான். முன் பெஞ்சில் கடைக்காரரின் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்க டி.என்.ஏ. அந்தத் துணிக்கு எப்படிம்மா போச்சு?"

"பேசினேன் சார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிட்டுப் பக்கத்து மேஜைக்காரங்ககிட்ட பேசினேன். துணி திறந்து கிடந்துச்சு, எச்சில் தெறிச்சிருக்கு. தப்பு என்னுது."

கோர்ட்டே சிரித்தது. அடிப்பாவி, ஊரறிய இப்படியா போட்டு உடைப்பாய் என்று தடித்தவரின் முதுகுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

"அப்போ இந்த அறிக்கையே குப்பை, இல்லையா?"

"இல்ல சார். துணியோட உள்மடிப்பை நான் பிரிக்கவே இல்ல. அதை வேற ரூம்ல, வேற ஆளு சோதிச்சாங்க. என்னை உள்ளேயே விடல. அதுல நான் இல்ல. குற்றவாளிக் கூண்டுல நிக்கிற அவர் மட்டும்தான் இருக்கார்."

சிரிப்பு நின்றது. என் நெஞ்சு நிமிர்ந்தது. தடித்த மனிதரின் முதுகைத் தாண்டி என் தலை தெரிவதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வக்கீல் லேசில் விடுகிற ஆளா? இவளுடைய டி.என்.ஏ. எண்கள் அச்சடித்த தாளைத் தூக்கிப் பிடித்தார். "பதினாலு, பதினேழு. என்னம்மா இது, லாட்டரி நம்பரா?"

"டி.என்.ஏ.ல சில இடத்துல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் சார். எத்தனை தடவை வருதுன்னு எண்ணுவோம். அது ஆளுக்கு ஆள் மாறும். இருபது இடம் பாக்குறோம். அச்சு அசலா இருக்கிற இரட்டைப் பிள்ளைங்களைத் தவிர, இருபதும் ரெண்டு பேருக்கு ஒத்துப்போறது நடக்காத காரியம்."

"இடத்துக்கு ஏன் ரெண்டு நம்பர்?"

"ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது."

இது எனக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் ஆயிரம் பேசியவள் இதை மட்டும் சொன்னதில்லை.

அவளை அவமானப்படுத்துவதாக நினைத்து வக்கீல் ஒவ்வொரு ஜோடியாக உரக்கப் படித்தார். கொலைக் கம்பியில் இருந்தது உங்களுடையதுதானே, உங்களுடையதுதானே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். "என்னுதுதான் சார்" என்றாள் ஒவ்வொன்றுக்கும். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பதினாலு என்னுடையதா, பதினேழா? அடுத்து வந்த ஒன்பது அவள் அம்மாவுடையதாக இருக்குமோ?

எட்டாவது இடத்தில் வக்கீல் நின்றார். "பதினொண்ணு, பதினொண்ணு. ரெண்டும் ஒண்ணா இருக்கு. அச்சுப்பிழையா?"

"இல்ல சார். எங்க அப்பாவும் அம்மாவும் ஒரே எண்ணைக் குடுத்திருக்காங்க."

நீதிபதி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். வக்கீல் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதினொன்றிலேயே நின்றுவிட்டேன். கண்ணீர் மறைத்தது. கூண்டில் என் மகள் நிமிர்ந்து நின்று, "என்னுதுதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.