அழுத்தாத மணி

முதல் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோதே அம்மாவின் உதடு வீங்கிவிட்டது. கழுத்து தடித்துச் சிவந்து, மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. இத்தனைக்கும் நர்ஸைக் கூப்பிடும் மணி அவள் கையிலேயே இருந்தது. "ஏதாவது ஒரு மாதிரி இருந்தா உடனே அழுத்துங்க" என்று நர்ஸ், வயரோடு அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். பட்டனின் மேல் கட்டைவிரலைக்கூட வைத்திருந்தாள் மகராசி. அழுத்தவில்லை.

அலுவலகப் போனை எடுக்க வராந்தாவுக்குப் போயிருந்த மகள் திரும்பி வந்தபோது, அம்மா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவள் போலக் கண்ணை மூடியிருந்தாள். உதட்டைப் பார்த்ததும் மகள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தினார். வேறு ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு ஒரு வழிக்கு வந்த பிறகு டாக்டர் கேட்டார்.

"எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"ஆரம்பத்துலயே லேசா நெஞ்ச அடைச்சுது டாக்டர்."

"மணிய அழுத்துறதுக்கு என்ன?"

"எல்லாரும் வேலையா இருந்தாங்க."

டாக்டருக்கு விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது, பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைப்பவள். காலரக்கா என்றால்தான் அங்கே தெரியும். இவள் மிஷின் நின்றால் பின்னால் கை தைப்பவள், பட்டன் வைப்பவள், இஸ்திரி போடுபவள் வரை வரிசையாகச் சும்மா உட்கார வேண்டும். அத்தனை பேர் வாயிலும் விழ வேண்டும். ஒருமுறை ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தபோது, விரலில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கட்டுக்குள் மிச்சமிருந்த சட்டைகளை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். சூப்பர்வைசர் மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டி, "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்றானாம். அதை அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வாள். துணியோடு சேர்த்து உன் வாயையும் தைத்துவிட்டார்கள் என்பாள் மகள். அந்தத் தையல் கூலியில்தான் குடும்பத்தில் முதல் ஆளாக மகள் பட்டம் வாங்கினாள். அதனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவதென்றும் தெரியாது.

டாக்டர் மகளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இந்த மருந்துதான் இவங்களுக்கு நல்லாக் கேக்கும். அடுத்த தடவை ரொம்ப மெதுவா விட்டுப் பாக்கலாம். அப்பவும் ஒத்துக்கலைன்னா இத மறந்துட வேண்டியதுதான். வேற இருக்கு, ஆனா இந்த அளவுக்குச் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும், அவங்க வாயத் திறக்கணும். லேசா இருக்கும்போதே சொல்லணும்."

வீட்டில் அம்மா வாய் திறந்தது வாந்திக்கு மட்டும்தான். அதுவும் சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குளிச்சேன்டி" என்பாள். தலை காய்ந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் மகள் டிவி ரிமோட்டை அவள் கையில் திணித்தாள்.

"இதுதான் மணி. இப்ப உனக்கு உடம்பெல்லாம் அரிக்குது. என்ன செய்வ?"

"சொறிஞ்சுக்குவேன்."

"அம்மா!"

"சரி, சரி. அழுத்துவேன்."

"நெஞ்ச அடைக்குது."

"அழுத்துவேன்."

"கொஞ்சமா அடைக்குது."

அம்மா யோசித்தாள். "எவ்வளவு கொஞ்சம்?"

"செத்துத் தொலை, எனக்கென்ன!" என்று கத்திவிட்டு மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள்.

அடுத்த முறை மகள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியை அம்மாவின் முழங்காலுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். மருந்து சொட்டுச் சொட்டாக, எண்ணிவிடலாம் போல இறங்கியது. அம்மா குளிருகிறது என்று சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கையில் மணி.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குடி. சும்மா சும்மா கேக்காத."

பாதிப் பை இறங்கியிருக்கும். திடீரென்று மணி அடித்தது. அம்மாதான் அழுத்தியிருந்தாள். மகள் துள்ளி எழுந்தாள். பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. அழுத்திவிட்டாள்! நர்ஸ் ஓடிவந்தார்.

அம்மா பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஒரு பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு மருந்து தீந்துபோச்சு பாருங்க சிஸ்டர். பாவம், தூங்குறாங்க."

பக்கத்து மிஷினில் நூல் தீர்ந்தால் குரல் கொடுப்பது போல. நர்ஸ் சிரித்து, "நீங்க இருந்தா நாங்க வேலைக்கே வர வேணாம் போல" என்று சொல்லி அந்தப் பையை மாற்றப் போனார். அம்மாவும் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு இழுத்தது. விசில் மாதிரி, மிக மெல்லியதாக.

மகள் சால்வையைப் பிடித்து இழுத்தாள். கழுத்து முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"மெதுவாப் பேசுடி."

"எப்பலேர்ந்து?"

அம்மா மணியைச் சால்வைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதடு தடித்து வார்த்தை சரியாக வரவில்லை. "அழுத்துனா நிறுத்திடுவாங்க. வெளிய வச்சு டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இன்னும் பாதிதான்டி. முடிச்சிடுறேன்."

கட்டுக்குள் மிச்சமிருக்கும் சட்டைகளைச் சொல்கிற அதே குரல்.

மகள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது? அழுத்தினால் இந்த மருந்து போய்விடும். அழுத்தாவிட்டால் அம்மா போய்விடுவாள். படித்த படிப்பில் இதற்கு ஒரு வழியும் இல்லை. மணியைப் பிடுங்கி அழுத்தினாள். நர்ஸ் வந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் மருந்துக் குழாயின் சக்கரத்தைத் திருகினார். சொட்டு நின்றது. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மா மகளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் தொங்கிய பாதிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.