தங்கப் பல்லுக்குப் பின்னால்

வீரமுத்துவின் முழங்கால் வீங்கி மடங்காமல் போனதும் தொழிலாளர் லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாய்வு என்றார்கள். குளிர்காய்ச்சல் மூட்டில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்புக் கொயினா மருந்தை முகம் சுளிக்காமல் விழுங்கினான். அப்படியும் பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வீடு தேடி வந்தது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். பெக்கான் நானாசுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில், குந்திப் பாலுக்கு மரம் வெட்ட முடியாதவனைத் துரை கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தீபாவளி கழிந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒவ்வொருத்தனையும் பார்ப்பார் என்று கங்காணி சொல்லிவிட்டார். ஊரில் வீரமுத்துவுக்கு மிச்சம் ஒரு பாழுங்கிணறு. அதற்கும் பங்காளிச் சண்டை.

அவன் பெண்சாதி வெள்ளையம்மா சும்மா கிடக்கிறவள் இல்லை.

"தலகாணியெல்லாம் ரத்தக்கறை. வாயத் தொறந்தா கொசு செத்து விழுது. ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட வாயக் காட்டுய்யா."

"கால் வலிக்கு வாயக் காட்டவா? அப்ப பல்வலிக்கு எதப் புள்ள காட்டுறது?"

சிரித்தான். முன்பல் இரண்டும் மின்னின. கல்யாணத்துக்கு முந்தி, பொந்தியான் கடைத்தெருவில் ஒரு சீனர் கட்டிவிட்ட தங்கப்பல். தங்கப்பல் வீரமுத்து என்றால்தான் தோட்டத்துக்கே தெரியும். காலையில் சாம்பலைத் தொட்டுத் தங்கத்தை மட்டும் பளபளவென்று தேய்ப்பான். ஈறில் விரல் பட்டால் ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கமே போகமாட்டான்.

கடைசியில் அவளே அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டிரசர் உதட்டைத் தூக்கி, ஈறை அழுத்தினார். தங்கத்தின் ஓரமாகச் சீழ் கசிந்தது.

"பட்டையில காயம்பட்டு அழுகினா, மரம் என்னாகும் வீரமுத்து?"

"அழுகல் ஏறிக்கிட்டே போகும் ஐயா. பாலும் நின்னுரும்."

"இங்கயும் அந்தக் கதைதான். நீ சோறு மெல்லுற போதெல்லாம் ஈறுல இருக்கற கிருமி ரத்தத்துல இறங்குது. ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும். எல்லா முட்டிவலியும் பல்லால வர்றதில்ல. உன்னோடது அதனாலதான்னு எனக்குப் படுது. நாளைக்கு நெஞ்சைப் பிடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுக்கு?"

"தங்கத்தைக் கழட்டணும். ஆடுற பல்லையும் எடுத்துரணும்."

வீரமுத்து சடக்கென்று வாயை மூடிக்கொண்டான். கையால் வேறு பொத்திக்கொண்டான். பல் போனால் அவனை யார் என்று கூப்பிடுவார்கள்?

வாசலில் நின்ற வெள்ளையம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "கப்பலேறிப் போயி யார்கிட்டய்யா பல்லக் காட்டப்போற? அந்தப் பாழுங்கிணத்துகிட்டயா?"

பொத்திய கை மெதுவாக இறங்கியது. "எடுங்க ஐயா" என்றான்.

அதற்குப் பிறகு தினம் உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு. ரத்தம் வந்தாலும் விடாமல் ஈறைத் தேய்க்க வேண்டும் என்று டிரசர் சொல்லியிருந்தார். வெள்ளையம்மா பக்கத்திலேயே நின்று காவல் காத்தாள். ரத்தம் குறைந்தது. சாயங்காலக் காய்ச்சல் வழி மறந்துபோனது. வீக்கம் வடிந்து, முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. கழற்றிய தங்கத்தை அவள் மூக்குத்தியாக அடித்துக்கொண்டாள். "இனிமே தேய்க்கிற வேலை எனக்கு" என்றாள்.

தீபாவளி போய், துரை பெரட்டுக்கு வந்தார். வெட்டிக் காட்டச் சொல்லிக் கங்காணி ஒரு மரத்தைக் காட்டினார். வீரமுத்து உளியோடு குந்தினான். முட்டி கொஞ்சம் முனகத்தான் செய்தது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே இழுப்பில் பட்டை சுருண்டு விழ, வெட்டோரமாகப் பால் ஓடியது. தரையில் கை ஊன்றாமல் எழுந்தான்.

துரை அவன் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டார்.

"பல்லு எங்கடான்னு கேக்குறாரு" என்றார் கங்காணி.

வீரமுத்து பொக்கைவாய் தெரியச் சிரித்தான்.

"பல்லு கப்பலேறிருச்சு, ஆளு இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க கங்காணி."

துரை தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். வீரமுத்து வாளியைத் தூக்கிக்கொண்டு தன் மர நிரையைப் பார்த்து நடந்தான்.