காரைக்கொல்லைப் பிடிமண்

பருந்து காலுக்குக் கீழே பறந்துகொண்டிருக்கிறது, அதன் முதுகு தெரிகிறது, பழுப்பு முதுகில் வெயில் பட்டு மினுங்குகிறது, பருந்தின் முதுகைப் பார்க்கிற அளவுக்கு உயரத்தில் வந்து நிற்கிறோமே என்று தையல்நாயகி நினைத்தாள், பிறகு, நாம் எங்கே உயர்ந்தோம், ஊர் அல்லவா இத்தனை ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று தன்னைத்தானே திருத்திக்கொண்டாள். அந்தப் பருந்து வட்டமிடும் இடத்துக்கு நேர் மேலே, இப்போது வெறும் காற்று இருக்கும் இடத்தில், அவள் வாழ்க்கைப்பட்ட வீடு இருந்தது, வாசலில் முருங்கை, பின்னால் மாட்டுக்கொட்டகை, கொட்டகையைத் தாண்டினால் பலாமரம். அதோ அங்கே மேலத்தெரு, இந்தப் பக்கம் கீழத்தெரு, தெற்கே போனால் முந்திரிக்கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் ஆலடி வீரனார், என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்க்கிறாள், விரல் ஊன்ற இடமில்லை. இடிந்த ஊருக்குக்கூட ஒரு குட்டிச்சுவர் மிஞ்சும், தூர்ந்த கிணறு மிஞ்சும், நிலக்கரிக்காகத் தோண்டிய காரைக்கொல்லைக்குத் தரையே மிஞ்சவில்லை. தோண்டிய மண்ணையெல்லாம் சுரங்கத்தின் ஓரத்தில் மலையாகக் குவித்து, அதில் தைலமரம் நட்டு வைத்திருக்கிறார்கள், அந்த மண்மேட்டின் பாதியில்தான் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது, முட்டியைவிட மனசு அலுத்துக் கிடக்கிறது.

கொஞ்சம் தள்ளி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் கொளஞ்சி நிற்கிறான், இருவருக்கும் நடுவில் ஆட்டோக்காரர் பாஸ்கர், காலையிலிருந்து இரண்டு பேருக்கும் வாயாக இருந்து களைத்துப்போன மனிதர். ஏம்பா, மேல ஏற முடியுமான்னு அவங்களக் கேளு, என்று அண்ணன் தைலமரத்தைப் பார்த்துச் சொல்வான், அம்மா, ஏற முடியுமான்னு கேக்குறாரு என்று பாஸ்கர் இந்தப் பக்கம் திரும்புவார், முட்டி வலிக்குது, ஆனா ஏறுவன்னு சொல்லுங்க என்பாள் இவள், கைய நீட்டுனா தொடுற தூரத்துல நிக்கிறீங்க, நான் வண்டி ஓட்டறதா தூது போவறதா என்று அவர் அலுத்துக்கொள்வார். அண்ணன் அவளிடம் நேராக ஒரு சொல் பேசி முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. கீழத்தெருவில் பிறந்து மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள், இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு புளியமரம்தான், கல்யாணத்தன்று அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த மரத்தைச் சுற்றி வந்தார்கள், ரொம்ப தூரம் போகிறாற்போல் இருக்கட்டும் என்று யாரோ கேலி செய்தார்கள், அண்ணன் கூடவே நடந்து வந்தான், அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பத்து அடி தூரத்துக்கு எதுக்குண்ணா அழுவற என்று அவள்தான் கேட்டாள், அந்தப் பத்து அடியைக் கடக்கத்தான் இத்தனை வருசமாக முடியவில்லை.

ஊரைக் காலி செய்த நாள் அவளுக்கு அடிக்கடி கனவில் வரும், கனவில் எப்போதும் வெயில், வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, கதவைப் பெயர்க்கிறார்கள், ஓட்டைப் பிரிக்கிறார்கள், அம்மியும் ஆட்டுக்கல்லும் ஏறுகின்றன, கிணற்று ராட்டினத்தைக்கூட யாரோ கழற்றுகிறார்கள், மேலத்தெருக்காரர்கள் வீரனாரின் வேலைப் பிடுங்கி வண்டியில் கிடத்துகிறார்கள், கீழத்தெருக்காரர்கள் கோவில் மணியை அவிழ்த்துச் சாக்கில் சுற்றுகிறார்கள், எல்லாம் ஏறிய பிறகும் எதையோ விட்டுவிட்டோம், எதையோ விட்டுவிட்டோம் என்று அவள் கனவில் கத்துகிறாள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விட்டது மண். குலசாமியைப் புது இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டுமானால் கோவில் காலடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் போட வேண்டும், போட்டால் சாமி அங்கே வந்து உட்காரும், அந்தப் பிடிமண் இல்லாவிட்டால் வேல் வெறும் இரும்பு, கோவில் வெறும் சுவர். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை ஓர் ஊரே எப்படி மறந்தது என்று கேட்பவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடிந்ததில்லை, ஏனென்றால் யாரும் மறக்கவில்லை.

வீரனார் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தெருவும் ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வருசம் மேலத்தெரு, மறு வருசம் கீழத்தெரு என்று பேசி முடித்திருந்தார்கள். அப்புறம் நிலத்தை அளக்க ஆள் வந்தது, திருவிழா நின்றது, போகிறோமா இருக்கிறோமா என்று தெரியாமலே காலம் ஓடியது, காலி செய்த வருசம் யார் முறை என்று எவருக்கும் நிச்சயமில்லை. அன்று அவள் மாமனார் வண்டியில் ஏறும்போது, மண்ணு எடுக்கலியா என்று அவள் கேட்டாள், இந்த வருசம் அவங்க முறைம்மா, போற நேரத்துல நாம கை வச்சா மனசு நோவும், அவங்களே எடுக்கட்டும், என்று மாமனார் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. காரைக்கொல்லை இருந்த காலம் முழுக்க எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர், அந்த ஒரு நாள்தான் விட்டுக்கொடுத்தார். புது மனையில் குடிசை போட்ட பிறகு இரண்டு தெருப் பெரியவர்களும் கூடி, வேலும் மணியும் சேரட்டும், மண்ணைக் கொண்டாங்க என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள், அதற்குள் காரைக்கொல்லையில் எந்திரம் இறங்கிவிட்டது. நீதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்க, சாமிய மொத்தமா உன் தெருவுக்கு ஆக்கிக்கப் பாக்கற என்று ஆரம்பித்தது, அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவன் அண்ணன்.

மகள் இளவரசிக்குக் காது குத்தினார்கள், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், பாய் விரித்து மாமனுக்கு இடம் விட்டுவைத்திருந்தார்கள், இவள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள், ஒவ்வொரு பஸ் நிற்கும் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள், வெயில் ஏறியது, காது குத்த வந்த பத்தர் போக வேண்டும் என்றார், அண்ணன் முறையாகிற யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் அந்தப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளை அழுதது காதுக்காக, இவள் அழுதது பாய்க்காக. மண்ணைத் தொலைத்தவர்கள் ஆம்பிளைகள், தண்டனை எனக்கு ஏன் என்று அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அண்ணன்மேல் கோபம், மாமனார்மேல் கோபம், எதற்கும் தலையாட்டுகிற புருசன் தனக்கோடிமேல் கோபம், கோபப்பட்டுக் கோபப்பட்டு அதுவும் சலித்துவிட்டது.

நேற்று மாலை மேலத்தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், தெரு போய் எத்தனையோ காலம் ஆகியும் இன்னும் மேலத்தெரு என்றுதான் பேர், கோவில் கட்டி முடித்தாயிற்று, தேதி வைத்தாயிற்று, பூசாரி பிடிமண் கேட்கிறார். காரைக்கொல்லையைக் கண்ணால் பார்த்தறியாத பையன்கள் எழுந்து, மண்ணு அந்தக் கொளஞ்சி வூட்டுப் பரண்லதான் இருக்குதாம், ஞாயித்துக்கிழமை போயி ஏறிப் பாத்துட்டா தெரிஞ்சிபோவுது என்றார்கள், தனக்கோடி தலையாட்டினான். அண்ணன் வீட்டுக்குள் ஆள் நுழைந்தால், வயசான மனுசன் சும்மா இருக்க மாட்டான், கைகலப்பாகும், அதற்கப்புறம் அவனுடைய சாவுக்குக்கூட அவள் போக முடியாது, அவள் சாவுக்கு அவன் வர மாட்டான். சோறு இறங்கவில்லை. விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அண்ணி அஞ்சலைதான் வாம்மா என்றாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், இவ்வளவு மெலிந்துபோயிருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. கூட்டத்தில் பேசியதை அண்ணியிடம் சொல்வதுபோல் சொன்னாள். எங்கிட்ட மண்ணு இல்லன்னு சொல்லு அஞ்சல, என்று அண்ணன் சுவரிடம் சொன்னான், அன்னிக்கு நான் துணிய எடுத்துக்கினு கோயிலுக்குப் போனன், போயிட்டுச் சும்மா வந்தன், அந்த வருசம் அவங்க முறை, தங்கச்சிய குடுத்த எடம், போற போக்குல எதுக்கு ஒரு வம்புன்னு விட்டுட்டு வந்தன். மாமனார் சொன்னதை அவள் சொன்னாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், இவளுக்கும் சிரிப்புதான் வந்தது, பாதியில் அது அழுகையாகிவிட்டது. மண்ணு எங்கயும் போவல அண்ணி, அந்த மேட்டுலதான் இருக்கும், அவர வரச் சொல்லு என்றாள். அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

மண்மேட்டின் உச்சிக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள், மண் வெளுத்து, சாம்பல் பாய்ந்து, களியும் மணலுமாகக் கிடந்தது, காரைக்கொல்லை மண் இப்படி இருக்காது, அது செக்கச்செவேலென்று, வேட்டியில் ஒட்டினால் லேசில் போகாத மண். இது நம்ம மண்ணு இல்லியே என்றாள். அண்ணன் பாஸ்கரைப் பார்த்துச் சொன்னான், நான் இங்க கொஞ்ச நாளு கூலிக்கு வந்திருக்கன், மேல இருக்கற மண்ண மொதல்ல கொட்டுவாங்க, அது அடியில போயிடும், ஆழத்துல இருந்தது கடைசியில வந்து மேல உக்காந்துக்கும், நம்ம செம்மண்ணு இந்த மேட்டுக்கு அடியில கெடக்குதுன்னு சொல்லுப்பா. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தெருவும், தள்ளி இருந்த காலனியும், சுடுகாடும், கோவிலும் ஒன்றாகக் கலந்து இந்தக் கனத்துக்கு அடியில் கிடக்கின்றன, இனி யார் தோண்டுவது. எழுந்து போகவும் மனமில்லை, உட்கார்ந்திருக்கவும் தெம்பில்லை. பிறகு கேட்டாள், இது நம்ம கெணத்துக்கும் அடியில இருந்த மண்ணுதான, அப்ப இதுவும் காரைக்கொல்லதானன்னு கேளுங்க. ஞாயமாத்தான் கேக்குறாங்க பெரியவரே, என்றார் பாஸ்கர். அண்ணன் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றான்.

அப்ப அவரையே எடுக்கச் சொல்லுங்க, என்றாள். இல்லப்பா, கோயில் கட்டுனது அவங்க, இந்த வருசம் அவங்க முறை, அவங்க வூட்டுக்காரரு வந்து எடுக்கட்டும், நான் கை வைக்கறது ஞாயமில்ல, என்றான் அண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னான், அன்று மாமனாரும் இதே குரலில்தான் சொன்னார். இதோ மறுபடியும் வெறுங்கையோடு இறங்கப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை பையன்கள் பரணில் ஏறப் போகிறார்கள். பெண்கள் பிடிமண் எடுத்து அவள் கேள்விப்பட்டதில்லை, இரண்டு தெருவில் எந்தத் தெருவுக்கும் அவள் முழு உரிமைக்காரி இல்லை, அவளுக்கென்று ஒரு வருசத்தை யாரும் ஒதுக்கியதுமில்லை. முட்டியை ஊன்றிக் குனிந்தாள், மேல்மண் இறுகிக் கிடந்தது, நகத்தால் கீறினாள், விரலால் குடைந்தாள், வீரனாரே, தெரியாத மண்ணாக இருந்தாலும் தெரிந்தவர்களோடு வா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் போட்டு முடிந்தாள். அவசரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை.

அண்ணன் திரும்பினான், முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே விரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து குந்தினான். தையலு, அப்படி முடிஞ்சா வழியிலயே சிந்திப்புடும், இதுல கொட்டு, என்றான். பாஸ்கர் காலையிலிருந்து பழகிய பழக்கத்தில் இந்தப் பக்கம் திரும்பி, அம்மா, சிந்திப்புடுமாம், துண்டுல கொட்டச் சொல்றாரு என்றார். கேட்டுச்சு, என்றாள் தையல்நாயகி.