பாய்மரத்தின் அடியில்

அவர் வாயைத் திறக்க மாட்டார். செத்தாலும் திறக்க மாட்டார். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று போரிட்டவர், இன்று ஜெயித்தவர்களின் கப்பலில் குறை சொன்னால் நெருப்புக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்பதைவிட வெந்துபோவதே மேல் என்று நினைக்கிற மனிதர். அப்படியென்றால் யார்தான் சொல்வது?

கணவனின் வெந்த முன்கையில் குதிரைக் கொழுப்பைத் தடவிக்கொண்டே இசோ இதை நினைத்தாள். சுமிதா ஆற்று முகத்துவாரத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் சிறிய பீரங்கிக் கப்பலில் தெய்ஜிரோதான் கொதிகலன் பார்ப்பவர். கரையோரம் கட்டிவைத்து நீராவி ஏற்றும்போதெல்லாம் தகடுகளின் இணைப்பு வழியே ஆவி சீறுகிறது. பழைய கொப்புளம் ஆறுவதற்குள் புதியது வந்துவிடுகிறது.

"கடல்ல போனா சரியாயிடும்," என்றார் தெய்ஜிரோ.

"யாரு சொன்னா?"

அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு கப்பல் கட்டும் தளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் தலைமைத் தச்சர் குமாகிச்சி வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பாய் மேல் வைத்தார்.

"நாளைக்குப் பாய்மரம் நடறோம்மா. நட்டதும் புறப்பாடுதான். அடிக்குழியில வைக்க ஒரு பிடி முடி வேணும்."

இசோவுக்குத் தெரியும். பகடைக்காய், செப்புக்காசு, தானியம், அவற்றோடு அந்தக் கப்பலில் போகிற ஒருவனின் மனைவி மனமுவந்து தந்த முடி. இவை பாய்மரத்தின் அடியில் போனால்தான் கப்பலுக்கு உயிர். இல்லாவிட்டால் எந்தத் தச்சனும் மரத்தைத் தொட்டுத் தூக்க மாட்டான்.

"நீராவியில ஓடுறதுக்கு இதெல்லாம் எதுக்கு மேஸ்திரி?"

"எதுல வேணா ஓடட்டும். உயிர் இல்லாம எப்படித் திரும்பி வரும்? கேப்டனுக்குக் கல்யாணமே ஆகல. பீரங்கிக்காரனுங்க பொண்டாட்டிங்க எல்லாம் எங்கியோ மேற்கே கெடக்குறாங்க. என் தலையில வெட்டலாம்னு பாத்தா..." வழுக்கையைத் தட்டிக் காட்டினார்.

இசோவுக்குச் சிரிப்பு வந்தது. அவரை அவளுக்குப் பிடிக்கும். கொடுத்துவிட்டால்தான் என்ன, முடி வளர்ந்துவிடும். ஆனால் கொடுத்த மறுநாளே கப்பல் கடலில் இருக்கும், அதன் வயிற்றுக்குள் தெய்ஜிரோ இருப்பார். தன்னால் எதையாவது நிறுத்த முடியுமென்றால் அது இங்கே, இந்தப் பாயில்தான்.

"கொதிகலனைப் பிரிச்சு இணைப்பையெல்லாம் திரும்ப அடிச்சு இறுக்கட்டும். அப்புறம் தரேன்."

"அது இரும்பு வேலைக்காரன் பாடு. மரம் நடறது தாமதமானா தளத்து அதிகாரி என் கழுத்தைத்தானே பிடிப்பாரு? உன் புருஷன்தான் பயந்துபோய் உன்னைத் தூண்டிவிட்டான்னு பேசுவாங்க, பாத்துக்கோ."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. பயந்தது நான். தெய்ஜிரோ பொண்டாட்டி பிடிவாதக்காரி, பேச்சுக்கே மசியலன்னு சொல்லுங்க."

"ஊரே திட்டுமே தாயி."

"திட்டட்டும்."

இசோ கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். தச்சரின் முகம் மலர்ந்தது. அவளோ கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி, அவர் முழங்காலருகே மெதுவாக வைத்தாள்.

"இப்போ வேணாம் மேஸ்திரி," என்றாள்.