கோகிலாம்பாளின் மேல்படிப்பு

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் தம்பி சங்கரலிங்கம், அவன் மனைவி தங்கம்மாள், என் மகள் கோகிலாம்பாள். 1973ஆம் வருடம். பி.எஸ்சி. நர்சிங் முடித்திருந்த மகளுக்கு எம்.எஸ்சி.யில் இடம் கிடைத்திருந்தது.

“அதையும் படி. காலேஜுல பாடம் நடத்தலாம். கண்டவன் உடம்பத் தொட வேண்டியதில்ல,” என்றேன்.

“படிச்சது போதும்யா. திருச்சுழி ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்.”

“பீ அள்ளவா பட்டம் வாங்குன?” என்றாள் தங்கம்மாள்.

“அம்மா படுக்கையில கெடந்து முதுகெல்லாம் புழு வச்சப்ப நீங்க யாரு சித்தி அள்ளுனீக?”

நான் வாசலைக் காட்டினேன். அவள் பெட்டியோடு போனாள். இரண்டு வருடமாக வரவில்லை.

மேல்படிப்புக்கு இடம் கிடைக்காததால் வேலைக்குப் போனாள் என்று எங்கள் ஊர் பாலவனத்தத்தில் பேசுகிறார்கள். அது பொய். இடம் கிடைத்தது. அவள்தான் வேண்டாம் என்றாள்.