சோடாவில் போட்ட பத்து பைசா

மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு ஜெயசிங் பழைய நாணயங்கள் சேர்க்கத் தொடங்கினான். அதில் அவன் மனைவி ஓமனாவுக்கு வருத்தமில்லை. நாகர்கோவிலில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்தில் சுபிதா என்ற வேதியியல் டீச்சர் பழக்கமானதுதான் வருத்தம்.

சாயங்காலமானால் புதுக்கடை ஊரிலுள்ள வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே டீச்சரிடம் போனில் பேசுவான். "அலுமினியம்தான் டீச்சர். கையில வச்சா ஒண்ணும் இல்லாத்த மாதிரி இருக்கு" என்று சிரிப்பான். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது. குழம்பில் உப்பு குறைந்தாலும் வாய் திறக்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாணயங்களைப் பார்க்க சுபிதா வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவன் மீன் வாங்கப் போனதும் ஓமனா பெட்டியைத் திறந்தாள். எல்லாம் மங்கிக் கிடந்தன. வருகிறவள் கண் கூசட்டும், யார் தேய்த்தது என்று கேட்கட்டும் என்று நினைத்தாள். வெண்கல ஒரு பைசாவைப் புளி போட்டுத் தேய்த்தாள், புதிதுபோல மின்னியது. விளிம்பு வளைந்து வளைந்திருந்த பத்து பைசாக்களைச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் போட்டாள். நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்று எண்ணி வெங்காயம் உரிக்கப் போனாள்.

திரும்பி வந்து எடுத்தபோது அவை கறுத்துச் சொரசொரத்தன. எழுத்து பாதி அழிந்திருந்தது.

மீனோடு வந்த ஜெயசிங் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"சோடாவிலயா போட்ட? அலுமினியத்த சோடா தின்னுரும்." அவன் கோபப்படவில்லை. போனை எடுத்தான்.

"யாருக்கு?"

"டீச்சர்ட்ட கேப்போம், வழி உண்டுமான்னு."

ஓமனா அவன் முன்னால் வந்து நின்றாள். "திட்டணும்னா என்னத் திட்டுங்க. இதுக்கும் அவகிட்டதான் பேசணுமா? எது என்ன உலோகம்னு எனக்கு யாரு சொன்னா?"

"நீ கேக்கல்லியே."

"இப்ப கேக்கேன்."

அவன் போனை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தான். பெட்டியிலிருந்த ஒரு காந்தத்தை எடுத்து நாணயங்களின் அருகே கொண்டுபோனதும் கனத்த பழைய ரூபாய் ஒன்று தாவி ஒட்டியது.

"இது இரும்பா?"

"சுத்த நிக்கல். நிக்கலும் ஒட்டும்." ஏறக்குறைய அதே மாதிரி இன்னொரு ரூபாயைக் காட்டினான். அது அசையவில்லை. "இதுல செம்புதான் கூடுதல்."

ஓமனா காந்தத்தை வாங்கி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எது என்ன உலோகம் என்று அவள் தப்பாகச் சொன்னபோது அவன் சிரித்தான். முற்றத்தில் கேட்ட அதே சிரிப்பு.

"அவளுக்கும் இப்பிடி பக்கத்துல இருந்துதான் காட்டினியளா?"

"அவதான் எனக்குக் காட்டித் தந்தது" என்றான், கள்ளமில்லாமல்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவன் எழுவதற்குள் ஓமனா எழுந்தாள்.

"நீங்க இருங்க. நான் போய் கூட்டிட்டு வாறேன்."